கோகோ விதையின் சேமிப்பும் சாக்லெட் கட்டியின் வாக்குறுதியும்

மருந்துச் சீட்டோடு ஒரு கேள்வியையும் எடுத்து வருவோர் அண்மைக் காலமாகப் பெருகியிருக்கின்றனர். "கறுப்பு சாக்லெட் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் இறங்குமாமே?" என்பது ஒரு கேள்வி. "கோகோ பொடியைப் பாலில் கலந்து கொடுத்தால் அப்பாவின் இதயத்துக்கு நல்லதாமே?" என்பது இன்னொன்று. கைபேசிக்கு வந்த காணொளியோ, கடை அட்டையில் அச்சிட்ட வாசகமோ இக்கேள்விகளுக்கு விதையாக அமைகிறது. கேட்பதில் தவறொன்றும் இல்லை. நோயுற்றவரைக் காப்பவர் நன்மை தரும் எதையும் தேடுவது இயல்பு. ஆயினும் அந்தத் தேடலில் வீட்டுப் பணம் செலவாகிறது; சில இல்லங்களில் மாத்திரையும் நின்றுபோகிறது. இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது இந்த இரண்டாவது செய்தியே.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கோகோ விதை நன்மை தரும் இயற்கைச் சேர்மங்களைத் தன்னுள் சேமித்து வைத்திருப்பது உண்மை. அந்தச் சேமிப்பு முழுவதும் கடையில் விற்கும் கட்டியில் இருக்கிறது என்பது உண்மையன்று. அது மருந்துக்கு மாற்று என்பது ஆபத்தான பொய். இம்மூன்றையும் பிரித்தறிந்தால் கோகோவை அச்சமும் மயக்கமும் இன்றி உண்ணலாம்.

கோகோ நமக்குத் தொலைதூரப் பயிர் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798-ஆம் ஆண்டில் குற்றாலத்தில் அதனை நட்டனர் என்பது வேளாண் வரலாறு. வணிகப் பயிராக அது வேரூன்றியதோ 1960களுக்குப் பின்னர்தான். இன்று போடிமெட்டுக்கு அப்பால் உள்ள இடுக்கி மாவட்டம் கேரளத்தின் முதன்மையான கோகோ நிலமாக விளங்குகிறது. நம் பக்கத்திலும் பொள்ளாச்சி, தேனி வட்டாரங்களின் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராக நிற்கிறது. மலையேறி வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் பலர், அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும் அந்தப் பெரிய காயைப் பறித்திருப்பர், உடைத்திருப்பர். விதையைச் சுற்றியுள்ள வெண்ணிறச் சதையைச் சுவைத்தும் இருப்பர்.

அவ்வாறு சுவைத்தவர் ஒன்றைக் கவனித்திருப்பர். சதை இனிக்கும், உள்ளிருக்கும் விதையைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும், கடுமையாகக் கசக்கும். பறித்த பச்சை விதையும் பளபளப்பான உறையில் வரும் இனிப்பும் ஒரே பொருள் என்று யாரும் நம்பார். அந்தத் துவர்ப்பிலும் கசப்பிலும்தான் நம் கேள்விக்குரிய சேர்மங்கள் இருக்கின்றன.

விதைக்குள் உள்ள களஞ்சியம்

ஒரு காயினுள் ஏறத்தாழ 30 முதல் 40 விதைகள் இருக்கும். ஒவ்வொரு விதையின் பெரும்பகுதியும் மடிந்து நெருங்கிய இரண்டு வித்திலைகளால் ஆனது. அவற்றை நுண்ணோக்கியில் நோக்கினால் இருவகைச் செல்கள் தென்படும். பெரும்பான்மையானவை கொழுப்பையும் புரதத்தையும் மாவுப்பொருளையும் சேமிப்பவை; முளைக்கும் கன்றுக்கு இவை கட்டுச்சோறு. அவற்றின் இடையிடையே நிறமுள்ள செல்கள் சில சிதறிக் கிடக்கும். பாலிஃபீனால் எனப்படும் துவர்ப்புச் சேர்மங்களும், தியோபுரோமின், கஃபீன் ஆகிய கசப்புச் சேர்மங்களும் அந்த நிறச் செல்களின் சாற்றுப்பையில் அடைபட்டிருக்கும்.

இந்த அடைப்பு முக்கியமானது. பாலிஃபீனால்களைச் சிதைக்கும் நொதிகள் அதே விதையிலேயே உள்ளன. இரண்டையும் மெல்லிய சவ்வுகள் பிரித்து வைத்திருக்கின்றன. விதை உயிரோடு இருக்கும் வரை அச்சவ்வு உறுதியாக நிற்கும், சேமிப்பும் குன்றாமல் இருக்கும். வெட்டிய வாழைக்காயும் கத்தரிக்காயும் சிறிது நேரத்தில் கறுப்பதை அடுக்களையில் நாள்தோறும் காண்கிறோம். செல்கள் கிழிந்து, பிரிந்திருந்த இரண்டும் கலப்பதால் வரும் கறுப்பு அது. கோகோ விதையிலும் பின்னர் இதுவே நிகழ்கிறது.

அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பதப்படுத்தாத கோகோ விதையின் உலர் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. 12 முதல் 18 விழுக்காடு வரை பாலிஃபீனால். இவற்றுள் மருத்துவ ஆய்வாளர்கள் மிகுதியாகப் பேசுவது ஃபிளவனால் என்னும் பிரிவைப் பற்றி. அதிலும் எபிகேட்டச்சின் என்னும் சேர்மத்தைப் பற்றி. கோகோவில் பொதுவாகப் பயிரிடப்படும் வகைகளின் விதையை அறுத்தால் ஊதா நிறம் தெரியும். நாவல் பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தரும் ஆந்தோசயனின் குடும்பமே அதற்கும் காரணம்.

யாருக்காக இந்தச் சேமிப்பு? மனிதனுக்காக அன்று. கோகோவின் காய் தானாக வெடிப்பதில்லை. குரங்கும் அணிலும் எலியும் அதனைத் துளைத்துத் திறக்கின்றன. இனிய சதைக்காக வரும் அவை, விதை கசப்பதால் அதனை மென்று அழிக்காமல் உமிழ்ந்துவிடுகின்றன. சதை கூலி, கசப்பு காவல் என்று சொல்லலாம். மேலும் கோகோ விதை நெல்லைப்போல உலர்ந்து உறங்கிக் காத்திருக்க இயலாதது. காயிலிருந்து வெளிப்பட்டால் சில நாள்களுக்குள் முளைத்தாக வேண்டும், இல்லையேல் உயிரிழக்கும். ஈரமும் கொழுப்பும் நிறைந்த அந்த மென்மையான விதையைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காக்கத் துவர்ப்புச் சேர்மங்கள் துணை நிற்கின்றன.

ஏலக்காய் சொல்லும் பாடம்

இவ்வட்டாரத்தார்க்கு இதனை விளக்க ஏலக்காயைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஏலத்தின் மணமும் விதைக்குள்தான் இருக்கிறது. விதைத் தோலுக்கு அடியில் உள்ள எண்ணெய்ச் செல்களில் சினியோல், டெர்பினைல் அசிட்டேட் முதலிய மணச் சேர்மங்கள் தங்கியிருக்கின்றன. விதையில் எண்ணெய் இருப்பதால் மட்டும் நம் வீட்டுப் பாயசத்தில் மணம் வந்துவிடுவதில்லை. காயை எப்போது பறித்தனர், எந்த வெப்பத்தில் உலர்த்தினர், தோல் வெடிக்காமல் காத்தனரா, எத்தனை மாதம் வைத்திருந்தனர் என்பனவெல்லாம் அதனைத் தீர்மானிக்கும். தோலை உரித்து விதையாக வைத்தால் மணம் விரைந்து போய்விடும் என்பது போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் அனைவரும் அறிந்த செய்தி. அதனால்தான் ஏலத்தை ஏலமிடும்போது பெயரைக் கேட்டு விலை சொல்வதில்லை. காயைக் கையில் எடுத்துப் பார்த்து விலை சொல்கின்றனர்.

கோகோவுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஆனால் ஏலத்தில் ஒரு வசதி உண்டு: மணம் போனால் மூக்கு சொல்லிவிடும். கோகோவில் ஃபிளவனால் போனால் நாக்கு வருந்துவதில்லை. துவர்ப்பு தணிந்தது என்று மகிழ்கிறது. சுவை கூடக் கூடச் சேமிப்பு குறைகிறது என்பதே சாக்லெட்டின் முரண்.

களஞ்சியம் கரையும் வழி

காயை உடைத்து எடுத்த விதைகளைச் சதையோடு பெட்டியிலோ கூடையிலோ குவித்து, ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாள் நொதிக்க விடுவர். முதலில் ஈஸ்ட் சதையின் சர்க்கரையைச் சாராயமாக்கும். பின்னர் பாக்டீரியாக்கள் அதனைப் புளிக்காடியின் அமிலமாக மாற்றும். குவியலின் சூடு 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அமிலமும் சூடும் சேர்ந்து விதையின் முளையைக் கொல்லும். அக்கணமே சவ்வுகள் சிதைந்து, அடைபட்டிருந்த பாலிஃபீனால்கள் வெளியேறி நொதிகளோடு கலக்கும். ஊதா நிறம் பழுப்பாகும், துவர்ப்பு தணியும், சாக்லெட் மணத்துக்கு வேண்டிய மூலப்பொருள்கள் உருவாகும். எபிகேட்டச்சினின் பெரும்பகுதி இந்தச் சில நாள்களிலேயே குறைந்துவிடுகிறது.

நொதித்தலைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. நொதிக்காத விதையில் சாக்லெட் மணம் பிறக்காது; உழவர்க்கு விலையும் கிடைக்காது. அடுத்து, ஈரம் 7 விழுக்காட்டின் அளவுக்கு இறங்கும் வரை உலர்த்துவர். அதன்பின் ஆலையில் வறுப்பர். இவ்விரண்டிலும் இன்னும் சிறிது குறையும்.

இறுதியாக ஒரு படி உண்டு. கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்து பொடியாக்கும் முறைக்கு 1828-இல் ஆலந்து நாட்டில் வான் ஹூட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்றனர். பொடியில் காரம் சேர்த்துப் புளிப்பையும் துவர்ப்பையும் போக்கும் முறையும் அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது. காரம் சேர்த்த பொடி கறுத்து அழகாக இருக்கும், பாலில் எளிதாகக் கலக்கும். ஆனால் 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதன் விலையைக் காட்டியது. காரம் சேர்க்காத பொடியில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. சிறிதளவு காரம் சேர்த்ததில் 13.8, நடுத்தரத்தில் 7.8, மிகுதியாகச் சேர்த்ததில் 3.9 மில்லிகிராமே எஞ்சியது. மிகவும் கறுத்த பொடியே சத்து மிகுந்தது என்னும் நம்பிக்கை எவ்வளவு தலைகீழானது என்பதை இந்த எண்கள் சொல்லும்.

ஆய்வுகள் சொன்னதும் சொல்லாததும்

கோகோவின் புகழுக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டோம். பனாமா நாட்டின் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் குனா பழங்குடியினரிடம் வயது ஏறினாலும் இரத்த அழுத்தம் ஏறாதிருப்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் ஹாலன்பெர்க் குழுவினர் 1990களில் ஆராய்ந்தனர். நகரத்துக்குக் குடிபெயர்ந்த அதே மக்களிடம் அந்தச் சிறப்பு மறைந்தது. தீவில் அவர்கள் நாள்தோறும் கோகோ பானம் மிகுதியாக அருந்துவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அக்குழு கருதியது. தீவு வாழ்வில் மீனும் உடலுழைப்பும் அமைதியும் இருந்தன என்பதையும் இங்கே மறக்கலாகாது.

பின்னர் ஆய்வகத்தில் காரணம் ஓரளவு தெளிவாயிற்று. எபிகேட்டச்சின் இரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருள் மிகுதியாகக் கிடைக்கச் செய்கிறது. அதனால் குழாய் தளர்ந்து விரிகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் இரத்தக் குழாயின் நெகிழ்வைப் பேண உதவும் என ஏற்றுக்கொண்டது. அதுவும் ஃபிளவனால் குறையாமல் தனியே பதப்படுத்திய பொருள்களை வைத்துச் சொன்ன கருத்து.

இரத்த அழுத்தத்தின் மீது விளைவு எவ்வளவு? 35 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2017-ஆம் ஆண்டு ஆய்வு, சராசரியாக 2 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் சற்றுக் குறைவான இறக்கத்தையே கண்டது. மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை ஒன்று பொதுவாக இதனைப்போலப் பல மடங்கு இறக்கும். 160 இருக்கும் ஒருவரின் அழுத்தம் 158 ஆவதற்கும் 140க்குக் கீழே வருவதற்கும் இடையே உள்ள தொலைவில்தான் பக்கவாதமும் சிறுநீரகச் சிதைவும் காத்திருக்கின்றன.

இதுவரை நடந்தவற்றுள் மிகப் பெரிய சோதனை அமெரிக்காவில் 21,442 முதியோரிடம் நடந்தது. முடிவு 2022-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் ஒரு சாராருக்கும், வெற்று வில்லை மறு சாராருக்கும் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தரப்பட்டன. மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. இதய, இரத்தக் குழாய் நோயால் நேர்ந்த இறப்பு மட்டும் 27 விழுக்காடு குறைந்திருந்தது. அது துணைமுடிவாகையால் மேலும் உறுதிப்படுத்த வேண்டியது என ஆய்வாளர்களே எழுதினர். அவர்கள் கொடுத்தது சர்க்கரையற்ற சாறு அடைத்த வில்லை, சாக்லெட் அன்று.

அந்த 500 மில்லிகிராமை அடுக்களைக் கணக்கில் பார்ப்போம். காரம் சேர்க்காத பொடியாயின் ஏறத்தாழ 15 கிராம் வேண்டும். மிகுதியாகக் காரம் சேர்த்த பொடியாயின் 130 கிராம் வேண்டும். அதனை ஒரு நாளில் உண்ண எவராலும் இயலாது. சர்க்கரையும் பாலும் கலந்த கட்டியாயின் உண்ணவேண்டிய சர்க்கரை இதயத்துக்கு நன்மை செய்யும் அளவைக் கடந்து எங்கோ போய்விடும்.

எங்கள் நோயாளிகளுக்கு இதன் பொருள்

இரத்த அழுத்த மாத்திரை உண்போர் கோகோவை நம்பி ஒரு வேளை மாத்திரையையும் விடலாகாது. அழுத்தம் உயர்ந்திருப்பதை உடல் பெரும்பாலும் உணர்த்துவதில்லை. "தலை சுற்றவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பது அளவீடு ஆகாது. மாத்திரையால் துன்பம் உண்டெனில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மாத்திரைகள் பல உள்ளன.

நீரிழிவு உள்ளோர் "கறுப்பு" என்னும் சொல்லைக் கண்டு அமைதி கொள்ள வேண்டா. 70 விழுக்காடு கோகோ உள்ள கட்டியிலும் எஞ்சியதில் பெரும்பகுதி சர்க்கரையே. 100 கிராமில் 550 கலோரிக்கு மேல் இருக்கும். எப்போதேனும் ஒரு சிறு துண்டு உண்பதைத் தடுக்க மாட்டோம். அதனை அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுவோரின் இல்லத்தார் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வரும்போது சாக்லெட் கொடுக்கலாகாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

சிறுநீரகம் தளர்ந்தோர், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்வோர், கோகோவை மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. விதை தன் கன்றுக்காகச் சேமித்த பொட்டாசியமும் பாஸ்பரசும் கோகோ பொடியில் செறிந்துள்ளன. 100 கிராம் பொடியில் ஏறத்தாழ 1,500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நலமுள்ளவர்க்குச் சத்தாகும் அதே பொருள், வெளியேற்ற இயலாத உடலில் இதயத் துடிப்பையே குலைக்கும். ஆக்சலேட் வகைச் சிறுநீர்க் கல் உள்ளோரும் இதனை மிகக் குறைத்துக்கொள்வது நலம்.

இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கும் கருவுற்றோர்க்கும் ஒரு சொல். நாம் புகழும் அதே பாலிஃபீனால், குடலில் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். தேநீரும் அவ்வாறே. இரும்பு மாத்திரையைத் தேநீரோடோ கோகோ கலந்த பாலோடோ விழுங்காதீர்கள்; இரண்டுக்கும் இடையே ஓரிரு மணி நேரமாவது விடுங்கள். அதிகாலையில் ஜீப் ஏறும் அவசரத்தில் தேநீரும் மாத்திரையும் ஒரே மூச்சில் உள்ளே போவது தோட்டத் தொழிலாளர் இல்லங்களில் நேர்வதே. எலுமிச்சை நீரோடு உண்டால் இரும்பு நன்கு சேரும்.

நெஞ்செரிச்சல், ஒற்றைத் தலைவலி, உறக்கமின்மை உள்ளோர் சிலருக்குச் சாக்லெட் அத்தொல்லையைக் கூட்டும். உண்டபின் அவ்வாறு நேர்கிறதா எனக் கவனித்து முடிவு செய்யுங்கள்.

அட்டையில் இருக்க வேண்டியது

இங்கே எங்கள் குறை ஒன்றையும் பதிவு செய்கிறோம். கட்டியின் அட்டையில் பெரிதாக அச்சிடப்படும் கோகோ விழுக்காடு, ஃபிளவனால் அளவைக் காட்டுவதில்லை. கோகோ என்னும் கணக்கில் கோகோ வெண்ணெயும் அடங்கும். அதில் ஃபிளவனால் ஏறத்தாழ இல்லை. ஒரே 70 விழுக்காடு அச்சிட்ட இரண்டு கட்டிகளுள் ஒன்றில் மற்றதைப்போலச் சில மடங்கு ஃபிளவனால் இருக்கலாம்; வாங்குபவருக்கு அது தெரிய வழியில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 பிப்ரவரியில், குறைந்தது 4 விழுக்காடு இயற்கை ஃபிளவனால் உள்ள கோகோ பொடிக்கு மட்டுமே இதயநலம் குறித்த வாசகத்தை இசைந்தது. "சான்று மிகக் குறைவு" என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்றது. சாதாரணப் பொடிக்கும் சாக்லெட்டுக்கும் அந்த இசைவு இல்லை.

நம் நாட்டிலும் 2024 ஏப்ரலில் ஒரு நல்ல அடி எடுத்து வைக்கப்பட்டது. சர்க்கரை கலந்த சத்துமாவு பானங்களை "சுகாதார பானம்" என்னும் தலைப்பின்கீழ் விற்பதை நீக்குமாறு இணைய வணிக நிறுவனங்களை நடுவண் அரசு அறிவுறுத்தியது. கோகோ மணம் கலந்த பானங்களும் அவ்வரிசையில் உண்டு. இதே தெளிவு சாக்லெட்டுக்கும் வேண்டும் என்பது எங்கள் நிலை. உடல்நலம் பற்றி ஒரு சொல் அச்சிடும் நிறுவனம், ஒரு வேளை அளவில் எத்தனை மில்லிகிராம் ஃபிளவனால் என்பதையும் அச்சிடட்டும். அச்சிட இயலாதெனில் உடல்நலத்தைப் பேசாமல் சுவையைப் பேசட்டும்.

அதுவரை வாங்குவோர் தாமே பார்க்கத்தக்கவை சில உண்டு. சேர்பொருள் பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரும். சர்க்கரை முதலில் இருந்தால் அது சர்க்கரைப் பண்டம். தாவரக் கொழுப்பு எனக் கண்டால் அது கோகோ வெண்ணெய்க்கு மாற்றாகச் சேர்ந்த "காம்பவுண்ட்" வகையாக இருக்கக்கூடும். கொடைக்கானலிலும் மூணாறிலும் "ஹோம்மேட்" என விற்பவற்றுள் இவ்வகைக் கட்டியை உருக்கி வார்த்தவையும் உண்டு. கோகோ பொடியில் 501 என்னும் எண்ணோடு அமிலச் சீராக்கி இருந்தால், அது பெரும்பாலும் காரம் சேர்த்த பொடி.

துவர்ப்பு நம் தோட்டத்திலும் உண்டு

ஆறு சுவைகளுள் துவர்ப்பையும் ஒன்றாக வைத்து உண்டவர்கள் நாம். இன்று நம் தட்டில் மிகவும் குறைந்துபோன சுவையும் அதுவே. கோகோ ஃபிளவனாலின் உறவினர் தேயிலையில் உள்ளனர். நிலக்கடலையின் செந்தோலில் உள்ளனர். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ளனர். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. அதன் கருநிறத் தோலை உமிழாமல் மென்று உண்பது நமக்கு நன்மை. கொய்யா, நாவல், வாழைப்பூ ஆகியவையும் துவர்ப்புக் குடும்பத்தின. நிலக்கடலையை வறுத்தால் தோலை ஊதிவிடாமல் உண்ணலாம்.

இவற்றையும் மருந்தென்று நாங்கள் சொல்லவில்லை. கோகோவுக்குச் சொன்ன எச்சரிக்கை இவற்றுக்கும் பொருந்தும்: நீரிழிவு உள்ளோர் திராட்சையை அளந்தும், சிறுநீரக நோயாளர் எந்தப் பழத்தையும் கேட்டறிந்தும் உண்ண வேண்டும். இவை உணவாகவே வருகின்றன, நார்ச்சத்தோடு வருகின்றன, ஒரு நாள் கூலியில் கணிசமான பங்கைக் கேட்பதில்லை. நோயாளியைக் காண வருவோர் பளபளக்கும் சாக்லெட் பெட்டிக்கு மாற்றாக, அவருக்கு ஏற்ற பழம் எது எனச் செவிலியரிடம் கேட்டு வாங்கி வந்தால் மகிழ்வோம்.

கோகோ பயிரிடும் உழவர்க்கும் இக்கட்டுரை எதிரானதன்று. சாக்லெட் சுவையான பண்டம், மகிழ்ச்சிக்குரிய பண்டம். நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர் வாய்க்கு ஒரு துண்டு இனிப்பு தரும் ஆறுதலைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அந்த ஆறுதலுக்காக உண்ணுங்கள். அதற்குமேல் ஒரு கடமையை அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

கோகோவோ வேறு ஏதேனும் உணவுப்பொருளோ நோயைத் தீர்க்கும் எனக் கேள்விப்பட்டால், வாங்கும் முன் அந்த அட்டையையோ காணொளியையோ எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். உண்டுவரும் மாத்திரைகளையும் உடன் எடுத்து வாருங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, எது தொடரலாம், எது வேண்டா என்று சேர்ந்தே முடிவு செய்வோம். அம்முடிவு வரும் வரை மாத்திரை நிற்கக் கூடாது.